ரூபாயில் பில் போட்டால் டாலர் அசையுமா?

உலக ஒழுங்கை மாற்ற இந்தியா என்ன செய்தது என்று கேட்டால், 2023 டெல்லி ஜி20-இல் ஆப்பிரிக்க ஒன்றியத்தைச் சேர்த்ததைச் சொல்வார்கள். நல்ல காரியம்தான். ஆனால் நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் ஐ.எம்.எஃப்-இல் (சர்வதேச நாணய நிதியம்) முக்கிய முடிவுகளுக்கு 85% வாக்கு வேண்டும். அமெரிக்காவிடம் மட்டும் 16%-க்கு மேல்; அது மறுத்தால் எதுவும் நகராது. அந்தப் பூட்டு அப்படியே இருக்கிறது.

திருப்பூர் பனியன்காரர்களுக்குப் பக்கத்தில் இருப்பது வேறு: 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி திறந்துவிட்ட ரூபாய் வர்த்தகம். வெளிநாட்டு வங்கி இங்குள்ள வங்கியில் சிறப்பு வோஸ்ட்ரோ கணக்கு தொடங்கும். அந்த நாட்டுச் சரக்குக்கு நம்மவர் கட்டும் ரூபாய் அதில் சேரும். இங்கிருந்து ஏற்றுமதி செய்தவருக்கு அதிலிருந்தே பணம் வரும். நடுவில் டாலர் இல்லை. இன்வாய்ஸும், சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லும் ரூபாயிலேயே இருக்கணும். ஒன்று மாறினாலும் வங்கியில் இழுபறிதான்.

சிக்கல் எங்கே? ரஷ்யாவிடம் எண்ணெய் வாங்குவது மலையளவு, விற்பதோ சொற்பம். அவர்கள் கணக்கில் ரூபாய் தேங்கிவிட்டது; 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவே இதைச் சொன்னார். மிச்சத்தை நம் அரசுப் பத்திரத்தில் போடலாம் என்கிறது விதி. போடலாம், ஆனால் மூன்றாம் நாட்டில் ரூபாயை ஏற்பவர் இல்லையென்றால், அதை வைத்து அங்கே ஒரு போல்ட் நட்டுகூட வாங்க முடியாதே! டாலரைத் திட்டுவதைவிட, அவர்களுக்குத் தேவையான சரக்கை நாம் செய்வதுதான் முதல் வேலை என்பேன். பனியன் மட்டும் போதாது. கோவை பம்பும் மோட்டாரும் கூடவே ஏறணும்.