டீல் எண் வந்துவிட்டால் தரவு சேர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை

காசு கொடுத்துப் பிறர் வட்டுகளில் தரவைச் சேமிக்கும் பிளாக்செயின் வலையமைப்பான ஃபைல்காயினில் ஸ்மார்ட் கான்ட்ராக்ட் (செயினிலேயே ஓடும் கோடு) எழுதி, அந்தக் கான்ட்ராக்டின் பெயரிலேயே தரவைச் சேமிக்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. 2023 மார்ச்சில் எஃப்விஎம் (ஃபைல்காயினில் கான்ட்ராக்டுகளை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) வந்ததிலிருந்து இது முடியும். தரவை வட்டில் வைத்திருப்பவர் புரொவைடர், அவரோடு போடும் சேமிப்பு ஒப்பந்தம் டீல். என்ன விலை, எவ்வளவு காலம், எத்தனை பிரதி, யாருக்குப் பரிசுத்தொகை என்பதையெல்லாம் கோடே பார்த்துக்கொள்ளும். சாலிடிட்டி (கான்ட்ராக்ட் எழுதும் மொழி) தெரிந்தவருக்குக் கான்ட்ராக்டை எழுதி ஏற்றுவது சிரமமில்லை. வாலட்டில் செயின் எண் 314, சோதனை வலையமைப்பான காலிப்ரேஷன் என்றால் 314159, அவ்வளவுதான். சிக்கலெல்லாம் அதற்கு முன்னும் பின்னும்தான்.

‘எதீரியத்திலேயே எழுதிவிடலாமே’ என்பவர்களுக்கு ஒரு கணக்கு: புதிதாக 32 பைட் எழுத 20,000 கேஸ் (செயினில் வேலைக்கான கட்டண அலகு). ஒரு எம்பிக்கு 65 கோடியைத் தாண்டும், ஒரே பிளாக்கில் அடங்கவே அடங்காது. 2024 மார்ச்சில் வந்த பிளாப் (பிளாக்கோடு ஒட்டிவரும் தற்காலிகத் தரவுத் துண்டு) மலிவுதான், ஆனால் சுமார் 18 நாளில் நோடுகள் அதைத் தூக்கிவிடும். அது ரோலப்களுக்கான (பரிவர்த்தனைகளைத் தொகுத்து எதீரியத்தில் பதிக்கும் துணைச் செயின்களுக்கான) வசதி, கிடங்கு இல்லை.

முதல் அடி விழுவது கார் கோப்பின் (தரவைக் கட்டி அனுப்பும் பொதிக் கோப்பின்) அளவில். செக்டர் (புரொவைடர் தரவைப் போட்டுவைக்கும் சேமிப்பு அலகு) 32 ஜிபி என்பதால் 32 ஜிபிக்குக் கட்டி அனுப்பத் தோன்றும். செய்யாதீர்கள். உள்ளே போகும் ஒவ்வொரு 127 பைட்டும் பேடிங் (நிரப்புப் பிட்) சேர்ந்து 128 ஆகும். ஆக 32 ஜிபி செக்டரில் நிஜமாகக் கொள்வது 31.75 ஜிபிதான். அதோடு பீஸின் (பேடிங் சேர்ந்த டீல் தரவின்) அளவு எப்போதும் இரண்டின் அடுக்காகவே இருக்க வேண்டும். சரியாக 16 ஜிபி உள்ள கார் கோப்பு பேடிங்கால் கோட்டைத் தாண்டி 32 ஜிபி பீஸாகிவிடும், வாடகையும் 32க்குத்தான். 32 ஜிபி கோப்பு 64 ஆகி, 32 ஜிபி செக்டர் வைத்திருப்பவரிடம் நுழையவே நுழையாது. கார் வடிவத்தின் தலைப்புகளும் கொஞ்சம் இடம் பிடிக்கும் என்பதால் மூலத் தரவை 30 ஜிபிக்குள் நிறுத்திக்கொள்வது நல்லது. சில எம்பி மட்டுமே உள்ள கோப்பைத் தனி டீலாகப் பல புரொவைடர்கள் தொடவே மாட்டார்கள். பல சிறு கோப்புகளைச் சேர்த்துப் பெரிய பீஸாக்கும் அக்ரிகேட்டர் வழியாகப் போகலாம். ஆனால் அப்போது செயினில் பதிவது அவருடைய பீஸ்தான், உங்களுடையது அல்ல. உங்கள் துண்டு அதற்குள் இருப்பதற்கான உள்ளடக்கச் சான்றைக் கேட்டு வாங்கிக் கான்ட்ராக்டிலேயே சரிபாருங்கள். இல்லையென்றால் அக்ரிகேட்டரின் வாய்வார்த்தைதான் மிச்சம்.

அடுத்து, இரண்டு சிஐடி (உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடும் அடையாளக் குறி). ‘பாஃபி’ என்று தொடங்குவது ஐபிஎஃப்எஸ் (உள்ளடக்கத்தை வைத்தே கோப்பைத் தேடும் வலையமைப்பு) பக்கத்து உள்ளடக்க முகவரி. ‘பாகா’ என்று தொடங்குவது பீஸ் சிஐடி. டீல் பேசுவது இரண்டாவதை வைத்து. முதலாவதை அந்தப் புலத்தில் போட்டாலும் கான்ட்ராக்ட் ஒன்றும் சொல்லாது, அதற்கு அது வெறும் பைட் வரிசை. பிறகு எந்தப் புரொவைடரும் எடுக்காமல் டீல் சும்மா கிடக்கும். ஐபிஎஃப்எஸ் பக்கம் இன்னொரு தொல்லை: துண்டின் அளவையோ மர அமைப்பையோ மாற்றி மறுபடி கட்டினால் அதே கோப்புக்கு வேறு சிஐடி வரும். கட்டிய கார் கோப்பை, டீல் செயலுக்கு வரும்வரை அப்படியே வைத்திருங்கள். மூலத்திலிருந்து திரும்பக் கட்டிக்கொள்ளலாம் என்று நம்ப வேண்டாம்.

டீலோடு போகும் கூடுதல் விவரங்களில் கோப்பின் இணைப்பும் ஒன்று. அது செயினிலேயே இருப்பதால் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். தற்காலிகக் கையொப்பமிட்ட இணைப்பைக் கொடுத்தால் அந்தக் கையொப்பமும் ஊருக்கே தெரியும். போதாக்குறைக்கு, புரொவைடர் வரிசையில் உங்கள் முறை வருவதற்குள் அது காலாவதியும் ஆகியிருக்கும். முன்பே குறியாக்கம் செய்த கோப்பை நிலையான இணைப்பில் வைப்பதே சரி. சர்வர் இடையிலிருந்து தொடர்ந்து இறக்க விட வேண்டும், இல்லையென்றால் பாதியில் அறுந்த இறக்கம் முதலிலிருந்து தொடங்கும். கார் அளவு என்ற புலத்தில் பைட் பிசகாமல் எண்ணைக் கொடுங்கள். குறியாக்கச் சாவியைக் கான்ட்ராக்டில் வைக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அங்கே ‘பிரைவேட்’ என்று எழுதிய மாறியைக்கூட எல்லோரும் படிக்கலாம்.

அதிகம் வெறுப்பேற்றியது தொடக்க எபாக், அதாவது டீல் செயலுக்கு வந்தாக வேண்டிய கெடு. ஒரு எபாக் 30 விநாடி, நாளுக்கு 2880. டீல் முன்மொழிந்த பிறகு புரொவைடர் தரவை இறக்க வேண்டும், கேஸை மிச்சப்படுத்தப் பல டீல்களைச் சேர்த்துத்தான் செயினில் பதிப்பார், செக்டர் நிரம்பும்வரை காத்திருப்பார், பிறகு மணிக்கணக்கில் சீலிங் (தரவைச் செக்டருக்கே உரிய பிரதியாக மாற்றும் கனத்த கணக்கு), நடுவில் 150 எபாக், அதாவது 75 நிமிடம், கட்டாய இடைவெளி, கடைசியில்தான் சான்று. இத்தனையும் தொடக்க எபாக்கிற்குள் முடிந்தாக வேண்டும். எங்களுக்கு வாய்த்த புரொவைடர் தரவை இறக்கி, டீலைப் பதித்து, எண்ணையும் வரவழைத்துவிட்டு அப்படியே அமைதியாகிவிட்டார். எப்போது கேட்டாலும் ‘வரிசையில் இருக்கிறது’ என்ற ஒரே பதில். தொடக்க எபாக் தாண்டியது, டீல் ரத்து. அவருடைய பிணைத்தொகை போனது என்பதில் நமக்கு என்ன ஆறுதல்? எல்லாம் முதலிலிருந்து. குறைந்தது 8640 எபாக், அதாவது மூன்று நாள், தள்ளி வையுங்கள். அதைவிட முக்கியம், இந்த வாரம் எத்தனை செக்டர் சீல் செய்தார் என்று கேளுங்கள். விலையைப் பற்றி அப்புறம் பேசலாம்.

இங்கேதான் கான்ட்ராக்ட் எழுதுபவர் ஏமாறும் இடமும் இருக்கிறது. டீல் எண் என்பது டோக்கன் மாதிரி, வேலை முடிந்ததற்கு ரசீது இல்லை. எண் வந்ததுமே பரிசுத்தொகையை விடுவிக்கும் கான்ட்ராக்ட், சேராத தரவுக்கு அள்ளிக் கொடுக்கும். பார்க்க வேண்டியது செயலாக்க எபாக், அதாவது டீல் செயலுக்கு வந்த நேரம். அது -1 என்றால் இன்னும் ஆரம்பிக்கவில்லை; முறிவு எபாக் -1 ஆக இருக்கும்வரைதான் டீல் உயிரோடு இருக்கிறது. காலம் முடிந்த டீல் நிலைத்தரவிலிருந்தே நீக்கப்படும், அப்போது விடைக்குப் பதில் பிழைக் குறி வரும். அதையும் கையாளாவிட்டால் புதுப்பிக்கும் ஃபங்ஷன் அந்த இடத்திலேயே முட்டி நிற்கும். 2024இல் வந்த நேரடித் தரவேற்ற முறையில் புரொவைடர் எஃப்05 சந்தை ஆக்டரை (டீல்களைப் பதியும், ஃபைல்காயினுக்குள்ளேயே அமைந்த கான்ட்ராக்டை) தொடாமலே செக்டரில் தரவைப் போடலாம். எஃப்05-ஐ மட்டும் கேட்கும் கான்ட்ராக்டுக்கு அந்தத் தரவு இருப்பதே தெரியாது. எந்த வழியில் போடப்போகிறார் என்று முதலிலேயே பேசி முடியுங்கள்.

பணத்துக்கு வருவோம். டீல் பதியும்போது, ‘இது உன் டீல்தானா’ என்று சந்தை ஆக்டர் உங்கள் கான்ட்ராக்டைக் கேட்கும். கேட்பது உண்மையிலேயே எஃப்05தானா என்று முதலில் பாருங்கள். பிறகு பீஸ் சிஐடியோடு நிறுத்தாமல் விலை, தொடக்கம், முடிவு, புரொவைடர் எல்லாவற்றையும் ஒப்பிடுங்கள். சிஐடி மட்டும் பார்க்கும் கான்ட்ராக்டின் பேரில் யாரோ ஒருவர் தன் இஷ்டத்துக்கு விலை போட்டு டீல் பதித்து எஸ்க்ரோவை (டீலுக்காகச் சந்தை ஆக்டரிடம் போட்டுவைத்த பணத்தை) துடைத்துவிடலாம். அந்த எஸ்க்ரோவிலிருந்து பணத்தைத் திரும்ப எடுக்கும் உரிமை கான்ட்ராக்டுக்கு மட்டுமே உண்டு. எடுக்கும் ஃபங்ஷனை எழுதாமல் ஏற்றிவிட்டால், ரத்தான டீலின் பணம் அங்கேயே நிரந்தரமாகத் தங்கிவிடும். காலிப்ரேஷனில் முதலில் சோதிக்க வேண்டியது இந்த ஃபங்ஷனைத்தான். மாதிரிக் கோடுகளை நகலெடுக்கும்போதும் இது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

புதுப்பித்தல் என்ற பேச்சும் கொஞ்சம் மிகைதான். ஒரு சந்தை டீல் குறைந்தது 180 நாள், அதிகபட்சம் சுமார் மூன்றரை ஆண்டு. முடிந்த டீலை நீட்டிக்க வழியில்லை, புது டீல்தான் போட வேண்டும். கான்ட்ராக்ட் தானாக எழுந்து காலண்டரைப் பார்க்காது. வெளியிலிருந்து யாராவது பரிவர்த்தனை அனுப்பித் தட்டியாக வேண்டும். அந்த ஆளுக்கோ தானியங்கி நிரலுக்கோ சிறு சன்மானத்தைக் கான்ட்ராக்டிலேயே ஒதுக்குங்கள், முடிவுக்கு ஒரு மாதம் முன்பே அழைக்க அனுமதியுங்கள். அதே புரொவைடரிடம் தரவு இருந்தால் இறக்க வேண்டியதில்லை. புதியவர் என்றால் கார் கோப்பு மறுபடி எங்காவது கிடைக்க வேண்டும்.

கடைசியாக மீட்பு. ஒவ்வொரு செக்டருக்கும் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை சான்று போகிறது. சீல் செய்த பிரதி வட்டில் இருக்கிறது என்பதைத்தான் அது காட்டும். கேட்டால் கொடுப்பார் என்பதற்கு அதில் எந்த உத்தரவாதமும் கிடையாது. சீல் பிரிக்கவும் மணிக்கணக்காகும். டீல் விவரத்தில் ‘சீல் செய்யாத பிரதியை நீக்கு’ என்ற புலம் பொய் என்று இருக்கிறதா பாருங்கள். டீல் செயலுக்கு வந்த அன்றே, கோப்பை ஏற்றிய கணினியில் அல்லாமல் வேறொன்றில், முழுக் காரையும் இறக்கி பீஸ் சிஐடியைத் திரும்பக் கணக்கிடுங்கள். ‘பாகா’ எழுத்து எழுத்தாக ஒத்துப்போனால் உள்ளூர்ப் பிரதியில் கை வைக்கலாம், அதுவும் வேறு புரொவைடரிடம் இரண்டாவது டீலும் செயலுக்கு வந்த பிறகு.