வாசலில் மூன்று நிற அட்டைகள்

2025 செப்டம்பர் 10

எங்கள் மாநாட்டில் ஒவ்வொரு உரைக்கும் கேட்டவர்களின் கருத்தைச் சேர்க்க அட்டை வெட்டும் வேலை முடிந்தது. ஆஸ்லோவில் நடக்கும் என்.டி.சி என்ற மென்பொருளாளர் மாநாட்டில் பழகிய முறைதான்: உரை கேட்டு வெளியே வருகிறவர் பச்சை, மஞ்சள், சிவப்பில் ஒன்றை வாசல் பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். ஒரு ஏ4 தாளில் ஏ7 அளவில் எட்டு அட்டை கிடைக்கும். 160 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வாங்குவது நல்லது. 80 என்றால் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு ஒன்றாக விழும். பச்சையும் சிவப்பும் பிரித்தறிய முடியாதவர்கள் இருப்பார்கள். அவர்களுக்காக +, 0, − என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறோம். பின்பக்கம் ஒரே கேள்வி: "எதை மாற்றினால் இன்னும் பயன்பட்டிருக்கும்?"

உள்ளே தெரிகிற பெட்டி வேண்டவே வேண்டாம். பச்சை குவிந்திருப்பதைப் பார்த்தால் கை தானாகப் பச்சைக்குத்தான் போகும்.

செப்டம்பர் 11

எழுத்துக் கருத்துக்கு, மாநாட்டு உரைகளையும் அட்டவணையையும் நிர்வகிக்கும் பிரீடால்க்ஸ் (pretalx) மென்பொருள். உரை தொடங்கும் நேரம் வந்த பிறகே அதில் கருத்துப் படிவம் திறக்கும். கடைசி நேரத்தில் உரையை முன்னே நகர்த்தினால், அட்டவணையின் புதிய பதிப்பை மறக்காமல் வெளியிட வேண்டும். கியூஆர் குறியீடு அந்தந்த உரையின் பக்கத்துக்கே போகட்டும். முகப்புப் பக்கத்துக்குப் போனால் யாரும் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். கேள்வி நேரம் முழுக்க அது திரையில் நிற்க வேண்டும்.

செப்டம்பர் 12

முதல் நாள். தொடங்கிப் பத்து நிமிடத்தில் ஒரு தலை எண்ணிக்கை, முடிய ஐந்து நிமிடம் இருக்கையில் இன்னொன்று. பாதியில் எழுந்து போகிறவர்கள் பெரும்பாலும் அட்டை போடுவதில்லை. இந்த இரண்டு எண்களின் வித்தியாசம்தான் அவர்களுடைய வாக்கு. உரை முடிந்ததும் பெட்டியைக் காலி செய்து, அரங்கும் நேரமும் எழுதிய உறையில் போட்டு ஒட்டிவிட வேண்டும். ஒரு இடைவேளை தவறினால் இரண்டு உரைகளின் அட்டைகள் கலந்துவிடும், பிறகு பிரிக்க வழியே இல்லை.

செப்டம்பர் 13

எண்ணும்போது சதவீதத்தை மட்டும் பார்த்து வரிசைப்படுத்துவது அநியாயம். ஐந்துக்கு ஐந்து பச்சை 100 சதவீதம். தொண்ணூறுக்கு எண்பது 89. ஆனால் வாக்கு குறைவாக இருந்தால் மதிப்பைத் தாழ்த்திக் காட்டும் புள்ளியியல் கணக்கான வில்சன் இடைவெளியின் கீழ் எல்லையை 95 சதவீத நம்பிக்கையில் போட்டால் முதலாவது 0.57, இரண்டாவது 0.81. வரிசை அப்படியே தலைகீழாகிறது. பட்டியல் போட்டே ஆகவேண்டும் என்றால் இந்த எண்ணை வைத்துப் போடலாம்.

பேச்சாளருக்கு உண்மையில் உதவுவது பின்பக்க வரிகள்தான். ஒரு மஞ்சள் அட்டையில் பென்சிலால்: "கடைசி வரிசைக்கு டெர்மினல் எழுத்து தெரியல, கறுப்புப் பின்னணியில கருநீலம்." டெர்மினல் என்றால் கணினிக்குக் கட்டளை தட்டும் திரை. இந்த ஒரு வரியை வைத்து அடுத்த மேடைக்குள் எழுத்தைப் பெரிதாக்கி, நிறத்தையும் மாற்றிவிடலாம். வெறும் சிவப்பு அட்டையை வைத்துக்கொண்டு அவர் எதைத் திருத்துவார்?

செப்டம்பர் 16

பேச்சாளர்களுக்கு மடல்கள் போயாயிற்று: இரண்டு தலை எண்ணிக்கை, மூன்று நிறக் கணக்கு, எழுதிய வரிகள் எழுதியபடியே. உடை, உச்சரிப்பு, தோற்றம் பற்றிய வரிகளை மட்டும் எடுத்துவிட்டோம். உள்ளடக்கத்தைப் பற்றிய கடுமையான வரிகளைத் தொடவில்லை. சிவப்பு அட்டைகளில் திரும்பத் திரும்ப வந்த புகார் "தலைப்பு ஒன்று, பேசியது வேறு", "எனக்கு இது ஏற்கெனவே தெரியும்". அதைப் பேச்சாளர் தலையில் மட்டும் கட்டுவது சரியல்ல, தேர்வுக் குழுவுக்கும் பங்கு உண்டு. அடுத்த முறைக்கான விண்ணப்பப் படிவத்தில் "கேட்பவருக்கு முன்பே என்ன தெரிந்திருக்க வேண்டும்?" என்ற கட்டத்தைக் கட்டாயமாக்கியிருக்கிறோம், அதில் எழுதுவது அட்டவணையில் தலைப்புக்குக் கீழேயே அச்சாகும்.