சித்தப்பாவின் பேய் நடை

லண்டனிலிருந்து வந்த மச்சாள் இரண்டாம் நாளே கேட்டுவிட்டாள், "இங்க பேய் வோக் ஒண்டும் இல்லையோ?" யோர்க் நகரத்தில் இரவு நேரம் காசு கட்டி, தொப்பி போட்ட ஒரு வழிகாட்டியின் பின்னால் பழைய தெருக்களைச் சுற்றிப் பேய்க்கதை கேட்டுவிட்டு வந்தவள். 1973இலிருந்து அங்கே இதை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்களாம். எங்கள் ஊரில் காசு கொடுத்துப் பயப்படுகிற பழக்கம் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். விடவில்லை.

சரியென்று சித்தப்பாவைப் பிடித்தேன். பலநோக்குச் சங்கத்தில் மனேஜராக இருந்து ஓய்ந்தவர். 2004 வரை முல்லைத்தீவில் கடற்கரைப் பக்கம் இருந்தவர், இப்போது முள்ளியவளையில். டவுனில் எந்தக் கடை முன்பு என்னவாக இருந்தது என்று கேட்டால் விடியும் வரை சொல்வார். இரவு எட்டரைக்குச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, ரோச் லைட்டும் ஒரு பூவரசந்தடியுமாக பஸ் ஸ்டாண்டில் நின்றார். தடி பேய்க்கா என்று கேட்டேன். நாய்க்காம்.

முதலில் கோட்டை. அதாவது கோட்டை இருந்த பக்கம், இப்போது பார்ப்பதற்கு எதுவுமில்லை. ஒல்லாந்தர் கட்டி இங்கிலீசுக்காரர் வைத்திருந்த அந்தக் கோட்டையை வன்னி அரசன் பண்டாரவன்னியன் பிடித்தது 1803 ஓகஸ்ட் 25ஆம் திகதி. அதே வருடம் ஒக்ரோபர் 31இல் கற்சிலைமடுவில் தோற்றார். அங்கே நிற்கிற கல்லை அவருடைய கல்லறை என்று நினைத்துக்கொண்டிருந்தாள் மச்சாள், நானும் சின்ன வயதில் அப்படித்தான். கல்லில் எழுதியிருப்பதோ இந்த இடத்தில் தோற்கடிக்கப்பட்டார் என்பது மட்டும். அவர் அதற்குப் பிறகும் சில வருடங்கள் சண்டை பிடித்தார் என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

"அப்ப அவற்ற ஆவி எங்க மாமா நிக்கும்?"

"தோத்த இடத்துக்கு வெள்ளைக்காரன் கல்லு நட்டான். செத்த இடத்துக்கு ஆர் நட்டது? எனக்கு எப்பிடிப் பிள்ளை தெரியும்?"

வழிகாட்டி இப்படிச் சொன்னால் யோர்க்கில் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

அடுத்தது முனி. சொந்த அனுபவம் என்பதால் சித்தப்பாவுக்குக் குரலே மாறிவிட்டது. இளம் வயதில் இரவில் சைக்கிளில் வரும்போது ஒரு புளியமரத்தடியில் மட்டும் செயின் கழரும், மூன்று நாள் கழன்றதாம். நாலாம் நாள் மரத்தடியில் ஒரு சுருட்டு வைத்துவிட்டுப் போனார், செயின் கழரவில்லை. விடியப் போய்ப் பார்த்தால் சுருட்டையும் காணவில்லை. அந்த வழியால் தபால்காரரும் போய் வந்திருப்பார், அவரும் சுருட்டுக்காரராக இருந்திருக்கலாம் என்பதை நான் வாய்திறந்து சொல்லவில்லை.

மச்சாளுக்கும் ரோசம் வந்துவிட்டது, யோர்க்கில் கேட்ட கதையை எடுத்துவிட்டாள். 1953இல் ஒரு பழைய வீட்டின் நிலவறையில் குழாய் வேலைக்கு நின்ற பையன், சுவருக்குள்ளிருந்து ரோமப் படைவீரர்கள் வரிசையாக வருவதைக் கண்டானாம். முழங்காலுக்குக் கீழே ஒருவருக்கும் கால் இல்லை. நிலவறைக்குக் கீழே பழைய ரோம வீதி இருக்கிறது, அவர்கள் அந்த மட்டத்தில்தான் நடந்தார்கள் என்று பிறகு விளக்கம் சொன்னார்களாம்.

சித்தப்பா இதை நின்று கேட்டார். "அப்ப எங்கட றோட்டுக்கு எத்தினை தரம் கிறவல் போட்டு, உயர்த்தி, கார்ப்பெற்றும் போட்டாச்சு. எங்கட பேயளுக்கு இடுப்புக்குக் கீழ ஒண்டும் தெரியாது."

நான் சிரித்த சிரிப்பில் இரண்டு நாய்கள் எழும்பிவிட்டன. தடி வேலை செய்தது.

வட்டுவாகல் பாலப் பக்கம் போவோமா என்று மச்சாள் கேட்டாள். 2009 மே மாதம் அந்தப் பாலத்தால் நடந்து வந்த சனத்தில் சித்தப்பாவும் ஒருவர். "அது கதை சொல்லுற இடமில்லை" என்றார், அவ்வளவுதான். இராயப்பர் வேதக்கோயிலடியிலும் கதை இல்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்லி நடந்தார்.

பிறகு கடற்கரை. காற்றுக்குக் கதைப்பது கேட்காது, கருவாட்டு மணம் வேறு. ரோச் லைட்டை நிற்பாட்டிவிட்டு மணலில் முன்னால் போன சித்தப்பா, ஓரிடத்தில் இடப்பக்கம் திரும்பினார், பத்தடி நடந்து வலப்பக்கம் திரும்பினார், பிறகு பழையபடி நேராகப் போனார். சுற்றிப் போகிறதுக்கு அங்கே ஒரு அடம்பன்கொடி கூட இல்லை, வெறும் மணல்.

"ஏன் மாமா வளைஞ்சு போறியள்?"

"பெரியக்கா வீட்டுக் கிணறு, பிள்ளை. கட்டில்லாத கிணறு, பாத்து வா."

நாங்களும் சுற்றித்தான் போனோம்.