கல்லாவில் ஐநூறு ஷார்ட்: யார் கட்டுவது?

இரவு கல்லா எண்ணும்போது மூன்று ரூபாய், ஏழு ரூபாய் குறைந்தால் அது சில்லறைத் தகராறு. பில்லெல்லாம் ஒத்துப்போய், முழுசாக 500 மட்டும் குறைந்தால், கவுன்டரில் யாரோ கைவரிசை காட்டியிருக்கிறாரோ என்று பார்க்க வேண்டும்.

வித்தை இப்படித்தான். ஆள் ஒரு சோப்பு வாங்கிக் காசு கொடுப்பார். பிறகு, "அண்ணே, நூறு நூறா இருக்கு, ஒரு ஐநூறா குடுங்களேன்" என்பார். கேஷியர் 500 தாளை முதலில் நீட்டிவிடுவார். கோளாறு அங்கேயே ஆரம்பம். பதிலுக்கு வரும் மடிப்பில் நான்கு நூறுதான் இருக்கும். "ஒண்ணு குறையுது சார்." "அடடா, இந்தாங்க. சரி, இந்த ஐநூறையும் சேர்த்து வச்சுக்குங்க, ஆயிரமாச்சு. அஞ்சு இருநூறா குடுத்துடுங்க." 400, 100, 500: கூட்டல் சரி. ஆனால் அந்த 500 சற்றுமுன் கல்லாவிலிருந்து போன தாள். போனது 1500, வந்தது 1000.

கணக்குத் தெரியாததால் யாரும் இதில் ஏமாறுவதில்லை. முதல் மாற்றல் முடியும் முன்பே இரண்டாவது தொடங்குகிறது, பின்னால் கூட்டாளி ஒருவர் "பிஸ்கட் என்ன விலை?" என்று நச்சரிப்பார். மாற்றக் கேட்பவரின் தாளை முதலில் வாங்கி, எண்ணி, மேசைமேல் வைத்த பிறகே கேஷியர் கல்லாவைத் திறக்க வேண்டும். நடுவில் பேச்சை மாற்றினால் அவர் பணத்தை அவரிடம் கொடுத்து, கடைத் தாளைத் திரும்ப வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

இருநூறைக் கொடுத்துவிட்டு "நான் குடுத்தது ஐநூறு" என்று சண்டை பிடிப்பது வேறு ரகம். மீதியை எண்ணிக் கொடுக்கும்வரை வந்த தாளைக் கல்லாவுக்கு வெளியே கிளிப்பில் வைத்தால் அதற்கு இடமில்லை. 200-க்கும் 500-க்கும் அகலம் ஒன்றே, 66 மி.மீ.; நீளத்தில் 4 மி.மீ.தான் வித்தியாசம். கேமராவில் நிறம்தான் காட்டிக்கொடுக்கும். பல கடைகளில் கேமரா கேஷியரின் உச்சந்தலையைத்தான் படம் பிடிக்கிறது.

இனி சம்பளப் பிடித்தம். "உன் கல்லா, நீ கட்டு" என்பது கடைவீதி வழக்கம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முன்பிருந்த 1936-ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும் சரி, அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் சரி, இழப்புக்குத் தொழிலாளியின் கவனக்குறைவோ தவறோ நேரடிக் காரணமாக இருந்தால்தான் பிடிக்கலாம் என்கின்றன. அதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். இழந்ததற்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது.

ஆகவே முதலில் சில கேள்விகள் முதலாளிக்குத்தான். காலையில் வைத்த சில்லறையை இருவர் எண்ணிக் கையெழுத்துப் போட்டார்களா? ஷிப்ட் மாறும்போது கல்லா எண்ணப்பட்டதா? ஒரே கல்லாவில் எத்தனை பேர் கைவிட்டார்கள்? சாப்பாட்டு நேரத்தில் முதலாளியின் மச்சானும் உட்கார்ந்திருந்தால் அந்த 500-ஐ யார் தலையில் கட்டுவது? சில்லறை மாற்றும் முறையைச் சொல்லிக்கொடுத்தும் ஒருவர் திரும்பத் திரும்ப மீறினால் அது கவனக்குறைவு, பிடித்தம் நியாயம். சொல்லியே கொடுக்காத கடையில் அது கடையின் நட்டம்.

குறைவு தெரிந்த இரவே கேமரா பதிவை பென் டிரைவில் எடுத்துவிடுங்கள். கேமராப் படத்தைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி பழையதை அழித்துக்கொண்டே போகும். புகார் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 318-ஆம் பிரிவின் கீழ் அது மோசடி. பக்கத்துக் கடைகளுக்கும் அந்தப் படத்தை அன்றே காட்டிவிடுங்கள். ஒரே தெருவில் நாலைந்து கடை பார்த்துவிட்டுத்தான் இந்த ஆட்கள் பஸ் ஏறுவார்கள்.