இன்ஜெக்டர் கிளீனர்: ரெண்டு டேங்க் ஓட்டிப் பார்த்ததில்

1,10,000 கி.மீ. ஓடிய பெட்ரோல் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஒரு நிமிஷத்துக்கு ஸ்டீயரிங் லேசாக நடுங்கும், சூடேறியதும் அடங்கிவிடும். பிளக், ஏர் ஃபில்டர் மாற்றியும் போகவில்லை. இன்ஜெக்டரை (என்ஜினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் முனை) கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்றார் மெக்கானிக். கழற்றுவதற்கு முன் பெட்ரோல் டேங்கில் ஒரு பாட்டில் கிளீனர் ஊற்றிப் பார்ப்போமே என்று இறங்கினேன்.

கடையில் லேபிளைத்தான் முதலில் படித்தேன். பாலிஈதரமைன் இருக்கிற பாட்டிலாக எடுத்தேன். எரிகிற சூட்டையும் தாங்கி, பிஸ்டன் தலைக் கரியைக்கூடக் கரைக்கிற சரக்கு அது. பக்கத்தில் இருந்த ஆக்டேன் பூஸ்டர் என்ஜினில் வரும் ‘நாக்’ என்ற தட்டல் சத்தத்தைக் குறைக்கத்தான், கரி எடுக்க அல்ல.

ஊற்றும் முன் ஓபிடி ஸ்கேனரில் (வண்டிக் கம்ப்யூட்டரின் விவரங்களைப் படிக்கும் கருவி) பார்த்தேன். ஐடிலிங்கில் லாங் டேர்ம் ஃப்யூல் ட்ரிம், அதாவது பெட்ரோல் அளவில் கம்ப்யூட்டர் தொடர்ந்து செய்துவரும் திருத்தம், +9%. இன்ஜெக்டர் போதுமான அளவு பீய்ச்சாததால், கம்ப்யூட்டர் அதைக் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டுகிறது. (வேக்குவம் ஹோஸில் லீக் இருந்தாலும் இப்படிக் காட்டும். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டேன், இல்லை.) பிளக் ஓட்டை வழியாக போர்ஸ்கோப் கேமரா விட்டால் பிஸ்டன் தலை முழுக்க விறகடுப்புப் பாத்திரத்தின் அடிபோலக் கருப்பு.

டேங்க் காலியாகும் நேரத்தில் பாட்டிலைக் கவிழ்த்து, அதன்மேல் பெட்ரோல் நிரப்பினேன், தானாகக் கலந்துகொள்ளட்டும் என்று.

முதல் டேங்க் முழுக்க ஒன்றுமே தெரியவில்லை. சும்மா காசைக் கரைத்தோமோ என்றுகூட நினைத்தேன். இரண்டாவது டேங்குக்கு இன்னொரு பாட்டில். அது பாதி தீர்ந்தபோது ஒரு நாள் காலை ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி நடுக்கத்துக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. ட்ரிம் +4%க்கு இறங்கியிருந்தது. கேமராவில் பிஸ்டன் ஓரம் பிறைபோல அலுமினியம் வெளுத்துத் தெரிந்தது; நடுவில் கரி அப்படியே. மூன்றாவது சிலிண்டரில் மட்டும் கரி அசையவே இல்லை.

மைலேஜ்? கணக்கு எழுதித்தான் பார்த்தேன், மாற்றமில்லை. பாட்டிலில் அச்சிட்டிருந்த சதவீதத்தைப் பார்த்து நானும் கொஞ்சம் ஆசைப்பட்டது உண்மை.

எரியாத கிளீனர் பிஸ்டன் ரிங் வழியாகக் கொஞ்சம் ஆயிலில் இறங்கும் என்பதால், ஆயில் மாற்ற வேண்டிய நேரத்தை ஒட்டியே இதை வைத்துக்கொண்டேன். இரண்டாவது டேங்க் தீர்ந்ததும் ஆயில் மாற்றியாயிற்று.

இதைக் கேட்டுவிட்டு நண்பர் ஒருவர் தன் வண்டியின் இன்டேக் வால்வில் (சிலிண்டருக்குள் காற்றை விடும் வால்வு) படிந்த கரிக்கும் ஊற்றலாமா என்றார். அவருடையது டைரக்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போகிறது, வால்வின் முதுகைத் தொடுவதே இல்லை. டேங்கில் எதை ஊற்றினாலும் அந்தக் கரிக்கு எட்டாது, கழற்றித்தான் சுரண்ட வேண்டும் என்றேன். முகம் வாடிவிட்டது.