உலர்கண் ஆய்வு: காகிதப் பட்டியைக் கடைசிக்கு வையுங்கள்

யாழ்ப்பாணத்தில் உலர்கண் மருந்தாய்வு செய்யப் போகிறவர்களுக்கு முதல் இடைஞ்சல் கேள்வித்தாளிலேயே வந்துவிடும். பெரும்பாலான ஆய்வுகள் பாவிக்கும் ஓ.எஸ்.டி.ஐ. (கண் மேற்பரப்பு நோய்ச் சுட்டெண்) என்ற கேள்விக்கொத்தில் 12 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை புள்ளி. கடந்த ஒரு கிழமையை மட்டும் நினைத்துப் பதில் சொல்ல வேண்டும். இரவில் வாகனம் ஓட்டுவது, கணினி அல்லது வங்கி இயந்திரம், ஏசி அறை என்று கேட்டுக்கொண்டு போகும். தோட்டமும் வீடுமாக இருக்கிற ஒரு அம்மாவுக்கு இந்த மூன்றும் பொருந்தாது. அங்கே 0 போடுவதுதான் நாங்கள் அடிக்கடி பிடிக்கிற பிழை. பொருந்தாத கேள்வியைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட வேண்டும்: மொத்தப் புள்ளியை 25 ஆல் பெருக்கி, பதில் சொன்ன கேள்விகளின் எண்ணிக்கையால் பிரிக்க வேண்டும். 9 கேள்விக்கு 12 புள்ளி என்றால் 33.3, அது கடுமையான வகை. அதையே 12 ஆல் பிரித்தால் 25, நடுத்தரம். ஒரே ஆள், ஒரே பதில், இரண்டு வகை.

சொல்லிலும் கவனம் வேண்டும். தமிழ்நாட்டில் மொழிபெயர்த்த தாளில் ‘அரிப்பு’ என்று இருக்கும். இங்கே ஆட்கள் ‘கண் கடிக்குது’ என்பார்கள். கடி கூடினால் ஒவ்வாமையையும் பார்க்க வேண்டும். ‘மண் விழுந்த மாதிரி’, ‘எரியுது’, ‘வெளிச்சத்துக்குக் கூசுது’ என்பவைதான் உலர்கண் பக்கம் காட்டுகின்றன. கண்ணீர் வடிகிறதே, பிறகு எப்படி உலர்கண் என்று பலர் கேட்பார்கள். உலர்ந்த இடம் உறுத்த, உறுத்தலுக்குக் கண்ணீர் பெருகுகிறது. இதை முதல் நாளே விளங்கப்படுத்தினால் மருந்தை இடையில் விடமாட்டார்கள்.

வருவதற்கு 2 மணித்தியாலத்துக்கு முன்னிருந்து எந்தத் துளியும் விடக்கூடாது என்று முதல் நாளே சொல்லி விடுங்கள். அறையில் மின்விசிறியை நிறுத்தி, வெயிலில் சைக்கிளில் வந்தவரைக் கால் மணித்தியாலமாவது உள்ளே இருத்துங்கள். விசிறிக் காற்று முகத்தில் பட்டால் கண்ணை மூடியிருக்கிற மெல்லிய கண்ணீர்ப் படலம் வேளைக்கே உடையும்; அந்த எண் நோயைச் சொல்லாது, விசிறியைச் சொல்லும்.

இனி வரிசை. கண்ணைக் குறைவாகக் குழப்புவது முதல், கூடக் குழப்புவது கடைசி. சாயம் விட முன்னர் ஸ்லிட் லாம்பில் (கண்ணைப் பெருப்பித்துக் காட்டும் ஒளிக்கருவி) இமை விளிம்பையும் கருவிழியையும் பாருங்கள். பஞ்சு நூலால் கருவிழியின் உணர்வைச் சோதிப்பதானால் அதையும் விறைப்பு மருந்துக்கு முன்னர் செய்ய வேண்டும், பின்னால் செய்தால் எல்லாக் கண்ணும் உணர்வற்றதாகத்தான் இருக்கும். நெல் உமியோ பனையோலையோ பட்ட பிறகு வலியும் வெள்ளைப் புள்ளியுமாக வந்தவரை ஆய்வில் சேர்க்கவே கூடாது. அது பூஞ்சைப் புண்ணாக இருக்கலாம். ஸ்டீரோயிட் துளி பட்டால் கெட்டுப்போகும். அன்றைக்கே கண் வைத்திய நிபுணரிடம் அனுப்புங்கள்.

அடுத்தது கண்ணீர்ப் படலம் உடையும் நேரம். புளோரசீன் என்ற சாயம் ஏற்றிய பட்டியை ஒரு சொட்டு சேலைனில் நனைத்து, உதறி, கீழிமையின் உட்புறத்தில் காதுப் பக்க ஓரமாக மெல்லத் தொட வேண்டும். உதறாமல் வைத்தால் கண்ணில் தண்ணீர் கூடி நேரம் பிழைக்கும். ‘மூன்று தரம் மூடித் திறவுங்கோ, பிறகு மூடாமல் நேரே பாருங்கோ’ என்று சொல்லி, நீல ஒளியில் முதல் கருப்பு இடம் தோன்றும் வரை நிறுத்துகடிகாரத்தில் எண்ண வேண்டும். மஞ்சள் வடிகட்டி இருந்தால் நன்றாகத் தெரியும். மூன்று தடவை செய்து சராசரி எடுங்கள். 10 செக்கனுக்குக் குறைந்தால் குறைபாடு. அதே சாயத்தில் கருவிழிப் புள்ளிகளை எண்ணலாம்: 2017 இல் வெளியான சர்வதேச வழிகாட்டலின்படி 5 இற்கு மேல் போனால் உலர்கண்ணின் குறி. வெண்விழிக்கு லிசமைன் பச்சை என்ற சாயம். அங்கே எல்லை 9.

கண்ணீர் எவ்வளவு ஊறுகிறது என்று அளக்கும் ஷிர்மர் காகிதப் பட்டி கடைசி. 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம். மடிக்கிற நுனியை உறைக்குள் வைத்தே மடியுங்கள், விரல் எண்ணெய் பட்டால் நீர் ஏறாது. கீழிமையின் வெளி மூன்றிலொரு பங்கில் கொளுவி, இரண்டு கண்ணுக்கும் ஒன்றாக, 5 நிமிடம். நனைந்த கோடு சரிந்து நின்றால் இரண்டு ஓரத்தின் சராசரியைப் பதியுங்கள். விறைப்பு மருந்து விட்டோ விடாமலோ செய்யலாம், ஆனால் ஒவ்வொரு வருகையிலும் ஒரே முறைதான். இந்தப் பட்டியை முதலில் வைத்தால் கண் உறுத்திச் சிவக்கும், பின்னால் எடுக்கிற சாய எண்கள் எல்லாம் வீண்.

சோளகக் காற்றுக் காலத்தில் ஆட்களைச் சேர்த்து மாரி தொடங்கிய பிறகு திரும்பப் பார்த்தால், எந்த மருந்து கொடுத்தாலும் எல்லாருக்கும் சுகம் தெரியும். செம்மண் தூசி அடங்கிவிட்டதே! இதனால்தான் ஒப்பீட்டுக் குழுவும் அதே கிழமைகளில் சேர வேண்டும்; சிறு தொகுதிகளாகக் குலுக்கிப் பிரிப்பது நல்லது. ஒப்பீட்டுத் துளியும் சும்மா தண்ணீர் அல்ல, கண்ணை நனைக்கும். அமெரிக்காவில் நடந்து 2018 இல் வெளிவந்த ட்ரீம் ஆய்வில் 535 பேர் சேர்ந்தார்கள். ஒரு பகுதியினருக்கு விழுங்குவதற்கு நாளுக்கு 3000 மி.கி. ஒமேகா-3, மற்றவர்களுக்கு ஒப்பீடாக ஒலிவ் எண்ணெய். ஓராண்டில் கேள்விப் புள்ளி முதல் பகுதிக்கு 13.9 குறைந்தது, மற்றப் பகுதிக்கு 12.5. ஒலிவ் எண்ணெய்க் குழு இல்லாதிருந்தால் அந்த 13.9 ஐ மருந்தின் வெற்றி என்றே எழுதியிருப்பார்கள். நெறிமுறைக் குழு அனுமதியும் மருத்துவ ஆய்வுப் பதிவும் முதல் ஆளைச் சேர்க்க முன்னரே முடிந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

போத்தல் கணக்கையும் முன்கூட்டியே போடுங்கள். ஒரு துளி ஏறக்குறைய 40 மைக்ரோலீற்றர். இரண்டு கண்ணுக்கும் நாளுக்கு இரண்டு வேளை என்றால் 28 நாளுக்கு 112 துளி, 4.5 மி.லீ. 5 மி.லீ. போத்தல் காகிதத்தில் போதும். கை நடுங்குகிற ஐயா ஒருவருக்குக் கன்னத்தில் வழிகிறதோடு மூன்றாம் கிழமையே முடிந்துவிடும். இரண்டு போத்தல் கொடுங்கள். கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் நிறுங்கள். நிறை குறையாமல் வந்தால் ஏசாமல் காரணத்தைக் கேளுங்கள். உலர்கண்ணுக்குக் கொடுக்கிற சைக்ளோஸ்போரின் துளி ஆரம்பத்தில் எரியும். எரிவுக்குப் பயந்து நிறுத்தினேன் என்று அவர் சொன்னால் அதைப் பக்கவிளைவுப் படிவத்தில், நிறுத்திய தேதியோடு எழுதுங்கள்.