கருப்பன் நொண்டுகிறான்

மார்ச் 3

காலையிலிருந்து வலது முன்னங்காலை ஊன்றவில்லை. ஐந்து மாத ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி. பாதத்தை விரித்துப் பார்த்தேன்: முள் இல்லை, கீறல் இல்லை, நகமும் சரி. முழங்கைக்கு மேலே எலும்பின் நடுப்பகுதியை அழுத்தியதும் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டான்.

மேல்வீட்டு அத்தை, "கால்சியம் டானிக் ஊத்தும்மா, சரியாயிடும்" என்றார். குட்டி நொண்டினாலே எல்லாரும் சொல்லும் வைத்தியம் இது. ஊற்றவில்லை. பெரிய இனக் குட்டிகளுக்கான முழுமையான தீவனம்தான் சாப்பிடுகிறான். வேண்டிய கால்சியம் அதிலேயே இருக்கிறது.

மார்ச் 5

எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. டானிக் பேச்சை எடுத்ததுமே டாக்டர் தலையை ஆட்டினார். வளர்ந்த நாயின் குடல், தேவைக்கு மிஞ்சிய கால்சியத்தைப் பெரும்பாலும் உறிஞ்சாமல் விட்டுவிடும். ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக வந்திருக்காது. கொடுத்ததில் பெரும்பங்கு உள்ளே போய்விடும். 1980களில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் கிரேட் டேன் குட்டிகளுக்கு அதிகக் கால்சியம் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு வளர்ச்சியே கோணலானது.

வீட்டுக்கு வந்து தீவனப் பையைத் திருப்பிப் பார்த்தேன். கால்சியம் 1.3 சதவீதம். பெரிய இனக் குட்டிகளுக்கு, ஈரப்பதம் நீக்கிய கணக்கில் 1.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அமெரிக்கத் தரநிலை. போதும், நிம்மதி.

மார்ச் 9

தம்பி கூப்பிட்டான். கருப்பனோடு பிறந்த குட்டி அவன் வீட்டில் இருக்கிறது. அதுவும் நொண்டுகிறதாம், தொட்டாலே கத்துகிறதாம்.

"என்னடா போடுற?"

"வெறும் கறியும் ஈரலும்தான்க்கா. எலும்பு தொண்டையில சிக்கிக்கும்னு எடுத்துடுவேன்."

இது வேறு கதை. எலும்பில்லாத கறியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பதினைந்து இருபது மடங்கு இருக்கும். குட்டிக்கு வேண்டியதோ கால்சியம் சற்றுத் தூக்கலான கலவை. ரத்தத்தில் கால்சியம் இறங்கினால் பாராதைராய்டு சுரப்பி எலும்பைக் கரைத்து அந்தக் குறையை ஈடுகட்டும். எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தால்கூட முறியும். உடனே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னேன். "வெயில்ல விட்டா வைட்டமின் டி கெடைக்குமே?" என்றான். மனிதருக்குச் சரி. நாயின் தோல் வெயிலில் போதுமான வைட்டமின் டி தயாரிக்காது, தட்டில் வந்தால்தான் உண்டு.

மார்ச் 11

நினைத்ததுதான். தம்பி குட்டியின் எலும்பு எக்ஸ்ரேயில் மங்கலாக, ஓரங்கள் தாள் மாதிரி மெலிந்து தெரிகிறது. முறிவு ஏதுமில்லை. கறியை நிறுத்திக் குட்டித் தீவனம், கூண்டு ஓய்வு, குதிக்க விடக்கூடாது. கறி போட்டால் நல்லது என்று சொல்லிக் கொடுத்த நண்பர்கள் யாரும் இப்போது போனை எடுப்பதில்லையாம்.

மார்ச் 16

கருப்பனுக்கு முன்னங்கால் தேவலை. இன்று இடது பின்னங்கால்! கால் மாறி மாறி நொண்டினால் பானோஸ்டைட்டிஸாக இருக்கலாம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ஷெப்பர்ட் குட்டிகளுக்கு அடிக்கடி வரும் எலும்பு வலி, பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும். வலிக்கு அவர் எழுதிய மாத்திரை மட்டும். வீட்டில் இருக்கும் ஐபுபுரூஃபன் நாய்க்கு விஷம்.

தீவன அளவையும் குறைக்கச் சொன்னார். கொழுக்க வைத்தால் வேகமாக எடை ஏறி, வளரும் மூட்டுகள் தாங்காது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும். இனிமேல் கிண்ணக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துத்தான் போடப்போகிறேன். அத்தை கொடுத்தனுப்பும் பிஸ்கட்டும் அந்தக் கணக்கில்தான் சேரும்; அதை அவரிடம் சொல்வதுதான் கஷ்டம்.